கப்பல் பட்டியலில் ஒரு தழும்பு



இம்மாதம் எழுத எண்ணியிருந்த காரியத்தைத் தள்ளிவைத்துவிட்டு, என் மனதில் நெடுநாளாய்க் கிடக்கும் ஒரு சம்பவத்தை எழுதத் துணிகிறேன். இதில் என் பிழையும் ஒன்று உண்டு. அதனாலேயே இவ்வளவு காலம் எழுதாதிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தென்னாப்பிரிக்க தேசத்தின் டர்பன் பட்டணத்திலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதினார். ஓய்வுபெற்ற செவிலியர், வயது அறுபதை நெருங்கியவர். சாட்ஸ்வர்த் என்னும் இந்தியர் குடியிருப்பில் வசிப்பவர். தம்முடைய கொள்ளுத்தாத்தா திருப்பதியிலிருந்து கப்பலேறி வந்தவர் என்றும், அவருடைய ஊரைத் தம் ஜீவகாலத்தில் ஒருமுறையேனும் காண வேண்டும் என்றும், திருப்பதியில் ஊழியஞ்செய்யும் எனக்கு அது எளிதாயிருக்கும் என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தார். எளிது என்றே நானும் எண்ணினேன்.

அவருடைய முன்னோர் நேட்டாலுக்குச் சென்ற வரலாறு நம்மில் அநேகருக்குத் தெரியாது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். அன்று தொடங்கி 1911 வரையில் ஏறக்குறைய 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. பின்பு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். கரும்புத் தோட்டங்களில் வேலை. தென்னிந்தியாவில் அதிகமாய் ஆட்களை அனுப்பிய மாவட்டங்களுள் அந்நாளைய வட ஆற்காடும் ஒன்று. 1876 முதல் 1878 வரை உண்டான கொடிய பஞ்சம் இப்பகுதியை எவ்வளவாய் வாட்டியது என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இவ்வளவு பேர் போனார்களே, இவர்களைப்பற்றி ஏதேனும் எழுத்து உண்டா என்றால், உண்டு. வியக்கத்தக்க அளவில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், சரீரத்திலுள்ள அடையாளங்கள் ஆகிய இவற்றைப் பட்டியலாக எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேடுகள் இன்றும் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம்முடைய சொந்த ஊர்களில் இருந்துவிட்ட ஏழைகளின் பாட்டன் பூட்டன் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஊரைவிட்டுப் போன ஏழையின் முழங்கால் தழும்புகூட ஏட்டில் இருக்கிறது. மனிதனை அடிமைபோல் கொண்டுசென்றவர்கள் அவன் தப்பியோடினால் அடையாளங்காணும்படி எழுதியது, நூறு வருஷத்துக்குப்பின் அவன் பிள்ளைகளுக்கு உதவுகிறது.

சகோதரி தம் குடும்பத்தில் வழங்கிவந்த கதையை விவரமாய் எழுதியிருந்தார். கொள்ளுத்தாத்தா முதல் கப்பலாகிய ட்ரூரோவில் வந்தவர். திருப்பதிக்காரர். நாயுடு வகுப்பினர். பிரம்மோற்சவத்துக்குப் போன இடத்தில் ஆள்கட்டி ஒருவன், கடலுக்கு அப்பால் கல்லைப் புரட்டினால் பொன் கிடைக்கும் என்று சொல்லி மயக்கி அழைத்துப்போய்விட்டான். டர்பனில் இறங்கியபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவருடைய பெயரைத் தன் வாயில் நுழையாதபடியால் மாற்றி எழுதிவிட்டான். சிறுவயதில் எருமை மிதித்ததால் கொஞ்சம் நொண்டி நடப்பார். குடும்பப்பெயர் நாயுடு. கதை அவ்வளவே.

பதிவேடு வேறுவிதமாய்ச் சொல்லிற்று. அதே பெயரும் அதே தகப்பன் பெயரும் கொண்ட இருவர் பட்டியல்களில் இருந்தார்கள். இரண்டும் நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவருக்கு இருந்த பெயர்கள். ஒருவர் 1880களில் சென்றவர். மற்றவர் 1890களின் கடைசியில், இருபத்துமூன்று வயதில் சென்றவர். இருவரில் எவரும் ட்ரூரோவில் செல்லவில்லை. சகோதரியின் தாத்தா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்; அவருடைய தகப்பன் 1860இல் வாலிபனாய்க் கப்பலேறியிருந்தால் கணக்கு மிகவும் நீண்டுபோகும். டர்பன் இந்தியரில் அநேக குடும்பங்கள் ட்ரூரோவையே தங்கள் கப்பல் என்று சொல்லிக்கொள்ளுமாம். முதல் கப்பலின் பெயர்தானே ஜனங்களின் வாயில் நிற்கும்.

பெயரை மாற்றியவன் டர்பன் அதிகாரி என்பதும் நிற்கவில்லை. அந்தப் பட்டியல்கள் கப்பல் புறப்படுமுன்னே சென்னையில் எழுதப்பட்டவை. முனுசாமியை மூன்சாமி என்றும், குப்புசாமியைக் கூப்பூசாமி என்றும் ஆங்கில எழுத்தில் எழுதின கை, பெரும்பாலும் நம் சென்னைக் குமாஸ்தாவின் கையாகத்தான் இருக்கவேண்டும். பின்பு அங்கே தகப்பனின் பெயரோ பாட்டனின் பெயரோ அப்படியே குடும்பப்பெயராய் உறைந்துபோயிற்று. கவுண்டர் என்பது கோவெண்டர் ஆயிற்று. முதலியார் என்பது மூட்லி ஆயிற்று.

அமெரிக்கா சென்ற ஐரிஷ் ஜனங்களும் இதே கதையைச் சொல்லுகிறார்கள் என்பதை நான் பிற்பாடு அறிந்தேன். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் தங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பார்கள். உண்மையில் அந்த அதிகாரிகள், கப்பல் புறப்பட்ட இடத்தில் எழுதப்பட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்களேயன்றிப் புதிதாய்ப் பெயர் எழுதவில்லை.

அந்தத் தீவில் முதன்முதலாய்ப் பதிவுசெய்யப்பட்டவள் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து தன் தம்பிகள் இருவரோடு வந்த ஆனி மூர் என்னும் பெண். 1892 ஜனவரி 1ஆம் தேதி. அவளுக்குப் பத்து டாலர் பொற்காசு ஒன்றைப் பரிசளித்தார்கள். வயது பதினைந்து என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் அவளுக்கு அப்போது பதினேழு வயது. பின்பு அவள் என்ன ஆனாள்? மேற்கே டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய், நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, 1923இல் ஒரு விபத்தில் இறந்தாள் என்று பல்லாண்டுகள் நம்பப்பட்டது. அந்த டெக்சாஸ் அம்மாளின் சந்ததியாரை விழாக்களுக்கு அழைத்துக் கனப்படுத்தினார்கள். 2006இல் மேகன் ஸ்மோலன்யாக் என்னும் வம்சாவளி ஆராய்ச்சியாளர், டெக்சாஸ் ஆனி மூர் அயர்லாந்தில் பிறந்தவளே அல்ல, அமெரிக்காவிலேயே இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவள் என்று ஆவணங்களால் காட்டினார். உண்மையான ஆனி மூர் நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை. நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்து, ஜெர்மானிய வம்சத்தானாகிய ஒரு ரொட்டிக்கடைச் சிப்பந்தியை மணந்து, பத்துக்குக் குறையாத பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைச் சிறுவயதிலேயே அடக்கம்பண்ணி, 1924இல் இறந்தாள். அவளுடைய கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லாதிருந்தது; 2008இல்தான் வைத்தார்கள்.

டெக்சாஸ் குடும்பத்தார் பொய்யர் அல்லர். தங்கள் தாய் சொன்னதைச் சொன்னார்கள், பெயர் பொருந்திற்று, கேட்டவர்களுக்கும் அந்தக் கதை பிரியமாயிருந்தது. மேற்கே சென்று செழித்த கதை யாருக்குத்தான் பிடிக்காது?

ஐரிஷ் குடும்பங்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. 1922 ஜூன் 30ஆம் தேதி டப்ளின் நகரில் நடந்த சண்டையில் பொது ஆவணக் காப்பகம் தீப்பற்றி எரிந்து, அங்கே இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் குடிக்கணக்கு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. முழுமையாய் மிஞ்சியவற்றில் மூத்தவை 1901, 1911ஆம் ஆண்டுகளின் ஏடுகளே. ஆகையால் பாட்டி சொன்ன கதையை விட்டால் அவர்களில் அநேகருக்கு வேறு வழியில்லை. அதை மட்டுமே நம்பவும் வழியில்லை.

நம் காரியத்துக்கு வருகிறேன். இருவரில் எவர் இவர்களுடைய கொள்ளுத்தாத்தா? சரீர அடையாளம் என்ற பத்தியே தீர்த்துவைத்தது. 1890களில் சென்றவருக்கு இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருந்தது. மற்றவருக்கு நெற்றியில் மச்சம். எருமை மிதித்த கதையைக் குடும்பத்தார் நகைச்சுவையாகவே நூறு வருஷமாய்ச் சொல்லிவந்திருக்கிறார்கள். கதையில் மற்ற யாவும் பிசகியிருக்க, அந்தச் சிரிப்புக் கதை மாத்திரம் ஏட்டோடு பொருந்திற்று. தழும்புக்குக் காரணம் எருமை என்று ஏடு சொல்லவில்லை என்பதையும் நான் அவருக்கு எழுதினேன்.

ஊரும் திருப்பதி அன்று. வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்று தெளிவாய் இருந்தது. நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ ஒருவர் கேட்டால், ‘எங்களுக்குத் திருநெல்வேலி’ என்றோ ‘வேலூர்’ என்றோதானே சொல்லுகிறீர்கள்? பேருந்து போகாத உங்கள் கிராமத்தின் பெயரைச் சொல்லி என்ன பயன் என்று அருகிலுள்ள பெரிய ஊரைச் சொல்லுகிறீர்கள். கரும்புத் தோட்டத்தில் தெலுங்கரும் தமிழரும் இந்துஸ்தானியரும் கலந்து நின்றபோது, அந்த மனிதரும் எல்லாருக்கும் தெரிந்த ஊரையே சொல்லியிருப்பார். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய ஊரே சொந்த ஊராய் நின்றுவிடும்.

கிராமத்தின் பெயர்தான் எங்களை அலைக்கழித்தது. ஆங்கில எழுத்தில் இருந்ததைப் புத்தூர் என்றும் படிக்கலாம், புதூர் என்றும் படிக்கலாம். புத்தூர் என்றால் நம் எல்லாருக்கும் எலும்புமுறிவுக்குக் கட்டுப்போடும் புத்தூர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது அந்நாளில் கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்தது. சித்தூர் தாலுகாவில் இல்லை. புதூர் என்றாலோ, புதிதாய்க் குடியேறிய ஒவ்வோர் ஊரும் புதூரே.

எல்லைகளும் அப்படியே. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. திருத்தணியில் அண்ணனும் நகரியில் தம்பியுமாக இருந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். அண்ணன் பிள்ளைகள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொள்ள, தம்பி பிள்ளைகள் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயரை முன்னே போட்டுக்கொள்ள, மூன்றாம் தலைமுறையில் இருவரும் உறவினர் என்று எந்த அலுவலகத்திலும் நிரூபிக்க முடியாது.

பிறரைச் சொல்வானேன்? என் சொந்தப் பிறந்தநாளே இரண்டு. அறிஞர் அண்ணா மரித்து நாற்பதாம் நாள் நான் பிறந்தேன் என்று என் தாயார் சொல்லுவார்கள். அப்படியானால் 1969 மார்ச் மாதம். பள்ளிக்கூடச் சான்றிதழிலோ 1968 ஜூன் 1. ஐந்து வயது நிரம்பினால்தான் சேர்க்கமுடியும் என்று சொல்லி, தலைமையாசிரியர் கருணையோடு என்னை ஒன்பது மாதம் முந்திப் பிறக்கப்பண்ணிவிட்டார். வேதாகமக் கல்லூரியில் சேர்ந்தபோதும், கடவுச்சீட்டு வாங்கினபோதும் பள்ளித் தேதியையே எழுதினேன். நாளை என் பேரன் தேடினால் எல்லா ஏடுகளும் ஒருமனமாய் ஒரே தவற்றைச் சாட்சிசொல்லும். அவனுடைய கொள்ளுப்பாட்டி சொன்னது மாத்திரம் சரியாயிருக்கும். மூன்று சான்றிதழ்கள் ஒத்துப்போகின்றன என்று எவராவது சொன்னால், அம்மூன்றும் எதைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கேளுங்கள்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

சகோதரி மின்னஞ்சலில் அனுப்பிய ஏட்டின் நகலில் ஜாதி என்ற பத்தியில் ஒரு சொல் இருந்தது. அது நாயுடு அன்று. அந்நாளில் வெள்ளைக்காரர் தாழ்த்தப்பட்ட மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல். பின்னர் ஆங்கிலத்தில் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. அதை இங்கே எழுத விரும்பவில்லை. ‘இந்தச் சொல் எங்களுக்கு விளங்கவில்லை, இது என்ன பாஸ்டர்?’ என்று அவர் கேட்டிருந்தார். நான் பார்த்தவுடனே படித்துவிட்டேன். படித்துவிட்டு, ‘மை பரவியிருக்கிறது, தெளிவாயில்லை’ என்று பதில் எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன்? அவருடைய மனது வருந்தக்கூடாது என்பது ஒரு காரணம் என்று அப்பொழுது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால், வருந்துவார் என்று நான் எப்படி முடிவுசெய்தேன்? கிறிஸ்துவுக்குள் ஜாதியில்லை என்று ஆயிரம் பிரசங்கம் செய்தவன், அந்தச் சொல்லை ஓர் அவமானச் செய்தியாகவே கையாண்டேன். விவாகப் பேச்சு வரும்போது மாத்திரம் நம் சபைகளில் மெதுவாய் எழும் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வி என்னுள்ளும் இருந்தது என்பதை அந்தக் காகிதம் காட்டிற்று.

இதற்குள்ளே, சித்தூர்ப் பகுதியிலுள்ள சில புதூர்களில் ஊழியஞ்செய்யும் சகோதரர்களிடம் தொலைபேசியில் விசாரித்தேன். ஒரு புதூரில் மாத்திரம், ‘முற்காலத்தில் இந்த ஊரிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் உண்டு என்று கேள்வி’ என்றார்கள். எந்தக் குடும்பம் என்று நான் கேட்கவில்லை. நாயுடு குடும்பம் ஒன்று டர்பனிலிருந்து வருகிறது என்றே சொல்லிவைத்தேன். பொய் ஒன்று சொன்னால் அதைத் தாங்க இன்னொன்று வேண்டியிருக்கிறது.

ஜனவரி மாதத்தில் சகோதரி தம் மகளோடு வந்து இறங்கினார். திருப்பதி ரயில் நிலையத்துக்கு நான் போயிருந்தேன். தமிழில் பேசத் தெரியாது, பாடத் தெரியும். ரோலண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயச் சகோதரர் 1925 முதல் நேட்டால் இந்தியரிடையே நடத்திய பெதஸ்தா ஊழியத்தில் அவருடைய தாத்தா இரட்சிக்கப்பட்டவராம். அதற்கு முன்பே, 1903இல், நம் பக்கத்து நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா என்னும் தெலுங்கு பாப்டிஸ்ட் மிஷனரி அங்கே போயிருந்தார் என்பதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். வண்டியில் போகும்போது தம் பாட்டியைப்பற்றிப் பேசுகையில் ‘ஆயா, ஆயா’ என்றே சொன்னார். தமிழ் மறந்துபோன அந்த நாவில் வட ஆற்காட்டுச் சொல் அப்படியே இருந்தது.

புதூரில் நான் அவர்களை ஊருக்குள், பெரிய தெருவுக்கு அழைத்துப்போனேன். நாயுடு வீடுகள் அங்கேதான். நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், பேச்சு மாத்திரம் நகரவில்லை. கப்பலேறிப் போனவரா? எங்கள் வம்சத்தில் அப்படி ஒருவரும் இல்லையே என்றார்கள். சிறிது நேரத்துக்குள் தெருவில் ஒரு கலக்கம் உண்டாயிற்று. பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, ‘ஐயா, மறைக்காமல் சொல்லுங்கள், இவர்கள் நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களா?’ என்றார். இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பட்டாவை எடுத்து வைத்திருக்கும்படி யாரோ உள்ளே சொல்லுவது என் காதில் விழுந்தது. மாலை வரைக்கும் இவ்விதமாய்ப் போயிற்று. சகோதரியின் மகள் களைத்துப்போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச்சொன்னேன். ‘அம்மா, நான் உங்களுக்கு ஒரு பொய் எழுதினேன்’ என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் கோபிக்கவில்லை. ‘எனக்குத் தெரியும் பாஸ்டர். உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே, அங்கே பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டேன். நீங்கள் சொல்லுவீர்களா என்று பார்த்தேன்’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘என் தம்பிக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஏட்டில் தவறு என்கிறான். தவறாயிருந்தால் இருக்கட்டும், ஆனால் தழும்பு மட்டும் சரி, ஜாதி மட்டும் தவறு என்று நாங்கள் எப்படிப் பொறுக்கி எடுப்பது?’ என்றார்.

நாயுடு என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஏடு விடைதராது. அந்தக் கப்பல்களில் அடுத்தடுத்துப் படுத்து ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்றவர்கள், இறங்கியபோது பழைய பெயரை விட்டுப் புதியதைப் பூண்டதுண்டு. கங்காணியின் பெயரைத் தரித்தவரும் உண்டு. எழுத்தர் தம் விருப்பப்படி ஒரே சொல்லை வரிசையாய் எழுதிப்போன பக்கங்களும் உண்டு என்று சகோதரி சொன்னார். ஆகையால் ஏடும் தெய்வவாக்கு அன்று. அவருடைய தம்பியின் சந்தேகத்தை நான் முற்றிலும் தள்ளமாட்டேன். அவர் சந்தேகப்படும் காரணத்தைத்தான் தள்ளுகிறேன்.

மத்தேயு எழுதிய வம்சவரலாற்றில் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு. லூக்கா எழுதியதில் ஏலி. ஒன்று சாலொமோன் வழியாய் வருகிறது, மற்றது நாத்தான் வழியாய். வேதாகமக் கல்லூரியில் இதற்கு நாங்கள் படித்த விளக்கங்கள் பல. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகிய நால்வரையும் மத்தேயு ஏன் விடாமல் எழுதினார் என்று அன்றைய இரவில்தான் உட்கார்ந்து யோசித்தேன். எந்தக் குடும்பமும் மறைக்கக்கூடிய பெயர்கள் அவை.

மறுநாள் காலையில் மறுபடியும் போனோம். இம்முறை ஊருக்குள் போகாமல், ஏரிக்கரையைத் தாண்டிக் காலனிக்குப் போனோம். ஊழியச் சகோதரர் எண்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு முதியவரிடம் அழைத்துப்போனார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம். உரத்துச் சொல்லவேண்டியிருந்தது.

‘எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தர் கப்பலேறிப் போனாருங்க. ரங்கூனுக்கு’ என்றார்.

சகோதரியின் முகம் வாடிற்று. ‘ரங்கூனா? டர்பன் இல்லையா? நேட்டால்?’

‘ரங்கூன்தான். கடலைத் தாண்டிப் போனா ரங்கூன்தானே?’

இந்தப் பக்கத்திலிருந்து பர்மாவுக்குப் போனவர் திரளானோர் என்பது உண்மை. ஆனால் எந்தக் கடல் கடந்தாலும் ரங்கூன் என்று சொல்லும் வழக்கம் இருந்திருக்கவும் கூடும். அவர் பெயர் என்ன என்று கேட்டோம். பெயர் தெரியவில்லை, ‘சின்னவர்’ என்றே சொல்லுவார்களாம். தகப்பன் பெயரைக் கேட்டோம். ஏட்டிலிருந்த பெயரையே சொன்னார். அது வீட்டுக்கு ஒருவருக்கு இருந்த பெயர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். காலில் தழும்பு இருந்ததா என்று மகள் கேட்கச் சொன்னாள். முதியவர் சிரித்துவிட்டு, ‘காலில தழும்பு இல்லாதவன் யாரும்மா இங்கே?’ என்று தம்முடைய வேட்டியைச் சற்றே உயர்த்தித் தம் முழங்காலைக் காட்டினார்.

மகள் டர்பனிலிருந்து மரபணுச் சோதனைக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். இருவருடைய உமிழ்நீரையும் ஒப்பிட்டால் இரத்த உறவு உண்டா என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும் என்றாள். நான் முதியவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் வெகு நேரம் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, ‘எச்சிலைக் கேட்கிறாங்களே, இது என்ன வழக்கம்? சொந்தம்னா உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடட்டும்’ என்று மறுத்துவிட்டார். வற்புறுத்தவேண்டாம் என்று சகோதரி தடுத்தார். கேழ்வரகுக் களியும் கீரையும் வந்தன. தட்டை வாங்கிக்கொண்டு மண்தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாள் கையால் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தட்டை வாங்க நான் ஒரு கணம் தாமதித்தேனா என்று இன்றும் என்னை நான் கேட்டுக்கொள்ளுகிறேன்.

ஆக, அந்த ஊர்தானா, அந்தக் குடும்பம்தானா என்பது முடிவாகவில்லை. தாலுகா பொருந்துகிறது, தகப்பன் பெயர் பொருந்துகிறது, ஜாதிப் பத்தி பொருந்துகிறது, ரங்கூன் பொருந்தவில்லை. அப்பகுதியில் ஊழியஞ்செய்த ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. பழைய ஞானஸ்நானப் பதிவுகள் எங்கேனும் இருந்தால் இன்னும் ஒரு பெயர் கிடைக்கலாம் என்று தேடிவருகிறேன்.

பட்டணங்களில் வாழும் வாசகர்களே, உங்கள் வீட்டில் முதியவர்கள் இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்களருகே உட்காருங்கள். அவர்கள் சொல்லுவதைத் திருத்தாமல் எழுதுங்கள். வருஷத்தைக் கேட்காதீர்கள், எந்தப் புயல், எந்தப் பஞ்சம், யார் மரித்த வருஷம் என்று கேளுங்கள். இருவர் இருவிதமாய்ச் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். சிரித்துக்கொண்டு சொல்லும் கதைகளை விட்டுவிடாதீர்கள். பழைய பத்திரம், ஞானஸ்நானச் சீட்டு, குடும்ப அட்டை ஆகியவற்றில் பெயர் எழுதியிருக்கும் விதத்தை எழுத்து மாறாமல் பார்த்து எழுதுங்கள்.

சகோதரி டர்பனிலிருந்து மாதம் ஒருமுறை எனக்கு எழுதுகிறார். தம்பி இன்னும் இணங்கவில்லை. ஆனால் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தாராம். புதூர் முதியவரும் ஊழியச் சகோதரரின் கைப்பேசியில் அவ்வப்போது என்னோடு பேசுகிறார். ‘அந்த ரங்கூன் பொண்ணு மறுபடி எப்ப வரும்?’ என்று சென்ற வாரமும் கேட்டார். ‘ரங்கூன் இல்லை தாத்தா, டர்பன்’ என்றேன்.

‘எல்லாம் ஒண்ணுதான். மழைக்கு முன்னாடி வரச் சொல்லுங்க’ என்றார்.